வளையம் இழந்த வில்லைகள்: ஒளித்துளைக் கட்டுப்பாட்டின் வரலாறும் இராமேசுவரக் கடற்கரை ஒளிப்பட ஆவணங்களும்

ஆய்வுச் சுருக்கம்

கேமரா வில்லையின் ஒளித்துளையைத் திறந்து மூடும் பொறுப்பு ஒளிப்படக் கலைஞரின் விரல்களிலிருந்து கேமரா உடலுக்கும், அங்கிருந்து மின்சுற்றுக்கும் மாறியது. 2008க்குப் பின் ஆடியற்ற கேமராக்கள் பரவியபோது, துளை வளையம் நீக்கப்பட்ட வில்லைகளை அவற்றில் பொருத்திப் பயன்படுத்தும் வழிகள் தேடப்பட்டன. அவ்வழிகளின் தொழில்நுட்ப வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வாறு எடுக்கப்படும் படங்களில் துளை அளவு பதிவாகாமல் போவது வரலாற்று ஆவணம் என்ற நிலையில் எழுப்பும் சிக்கலை, இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையைக் களமாகக் கொண்டு ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஒளித்துளை, துளை வளையம், அடாப்டர், ஆடியற்ற கேமரா, எக்ஸிஃப் தரவு, தனுஷ்கோடி, பாம்பன்.

முன்னுரை

தமிழக ஒளிப்பட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் யார் எடுத்தார், எதை எடுத்தார், எந்நோக்கில் எடுத்தார் என்னும் வினாக்களோடு நின்றுவிடுகின்றனர். காலனிய அரசின் பார்வை, ஸ்டுடியோக்களின் சமூகப் பங்கு, சாதி, குடும்பம் ஆகியவற்றின் தன்படிமம் என்பன குறித்துக் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் வந்துள்ளன. கருவியைப் பற்றிய வினா அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. ஓலைச்சுவடியை ஆராய்பவர் எழுத்தாணியின் கீறலையும் ஓலையின் பதத்தையும் கவனிக்கிறார். கல்வெட்டை ஆராய்பவர் உளியின் போக்கைக் கவனிக்கிறார். ஒளிப்படத்தை ஆவணமாகக் கொள்பவரும் அது எந்த வில்லையின் வழியே, எந்தத் துளையில் பதிந்தது என்பதை அறிந்திருப்பது தேவையாகிறது. இக்கட்டுரை அத்தகைய வினாவில் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 'அப்பெர்ச்சர் ரிங்' எனத் துறையினர் வழங்கும் வளையம் இல்லாத வில்லைகள் பிறிதொரு கேமராவுக்கு மாற்றப்படும்போது நேர்வது என்ன என்பதே அது.

செருகுதகட்டிலிருந்து வளையத்துக்கு

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், திருச்சிராப்பள்ளி, சீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களில் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. மதுரைவரை வந்த அத்தொகுதிகளில் இராமநாதபுரக் கடற்கரை இடம்பெறவில்லை. அவர் பெரிய அளவு மெழுகுத்தாள் எதிர்ப்படிமங்களைப் பயன்படுத்தினார். அக்காலத்து வில்லைகளில் இன்று அறியப்படும் துளை வளையம் கிடையாது. நடுவில் துளையிட்ட உலோக வட்டைகளை வில்லைக் குழலுக்குள் வைத்தும் எடுத்தும் ஒளியின் அளவை மாற்றினர். அதே 1858ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஹவுஸ், குழலின் பக்கவாட்டில் ஒரு பிளவு அமைத்து, வெவ்வேறு துளையுள்ள தகடுகளை அதன்வழிச் செருகும் முறையை முன்வைத்தார். வாட்டர்ஹவுஸ் தகடுகள் என அவை வழங்கப்பட்டன.

கோயில் கட்டடக்கலையைப் படமாக்கியோருக்கு இத்தகடுகள் இன்றியமையாதன. இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலின் பிரகாரம் போன்ற நெடிய தூண்வரிசையில் அண்மைத் தூணும் சேய்மைத் தூணும் ஒருங்கே தெளிவாக அமையவேண்டுமாயின் மிகச் சிறிய துளை தேவை. சிறிய துளைக்கு நீண்ட ஒளிபடு நேரம் தேவை. 19ஆம் நூற்றாண்டுக் கோயிற் படங்கள் பலவற்றில் மனித நடமாட்டம் அற்றுக் காணப்படுவதை, ஆளற்ற தொன்மையைக் காட்ட விரும்பிய காலனியப் பார்வையின் விளைவாக மட்டும் விளக்குவது போதாது. செருகிய தகட்டின் துளைக்கும் அதில் பங்குண்டு. நீண்ட நேரம் திறந்திருக்கும் வில்லையின் முன் நடந்து சென்றவர் படத்தில் பதியாமலே போயிருப்பார்.

மெல்லிய உலோக இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கண்மணியைப் போலச் சுருங்கி விரியும் அமைப்பு, ஒளிப்படக் கலையின் முன்னோடியான நியெப்ஸின் கருவியிலேயே காணப்படுகிறது. எனினும் அது பரவலானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அவ்விதழ்களை அசைக்க வில்லைக் குழலைச் சுற்றி ஒரு வளையமும், அதன்மேல் எண்களும் பொறிக்கப்பட்டன. வில்லையின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் ஈவே எஃப் எண். எண் பெருகினால் துளை சிறுக்கும். இவ்வெண் வளையத்தில் பொறிக்கப்பட்டதும் கலைஞர் தம் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொள்வதும் எளிதாயின. ஆயினும் அச்சேறிய நூல்களுக்கு அது வந்து சேர்ந்தது அரிது. பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்ட 1914இல்தான், இக்கடற்கரையின் சங்குகுளித்தலை விரிவாக ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெலின் சங்கு பற்றிய நூலும் வெளிவந்தது. அக்கால நூல்களின் படத்தலைப்புகள் பொதுவாக இடத்தையும் பொருளையும் கூறுவன. துளையைக் கூறுவன அல்ல.

வளையத்தின் மறைவு

வளையம் ஒரே நாளில் மறையவில்லை. எஸ்.எல்.ஆர். கேமராவில் கலைஞர் காண்பது வில்லை வழியே வரும் ஒளியையே. துளையைச் சுருக்கினால் காட்சியும் இருண்டுவிடும். இக்குறையை நீக்க, காணும்போது துளை முழுதும் திறந்திருக்கவும், பொத்தானை அழுத்தும் கணத்தில் மட்டும் குறித்த அளவுக்குச் சுருங்கவும் வழிசெய்யப்பட்டது. 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமரா இதனை ஒரு சிறு நெம்புகோலால் நிறைவேற்றியது. வில்லையின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோலைக் கேமராவின் நெம்புகோல் பிடித்திருக்கும். படமெடுக்கும்போது விட்டுவிடும். வில்லைக்குள் இருக்கும் சுருள்வில் இதழ்களை மூடிவிடும். எவ்வளவு மூடவேண்டும் என்பதை வளையம் வரையறுத்தது. அதாவது 1959இலேயே இதழ்களை இயக்கும் வேலை கேமரா உடலுக்கு மாறிவிட்டது. அளவை முடிவுசெய்யும் அதிகாரம் மட்டுமே வளையத்திடம் எஞ்சியிருந்தது.

அந்த எஞ்சிய அதிகாரமும் பின்னர் பறிபோயிற்று. 1985இல் மினோல்ட்டா தன் தானியங்கிக் குவிய வரிசையை வெளியிட்டபோது அவ்வில்லைகளில் வளையம் இல்லை. துளையின் அளவு உடலிலுள்ள பொத்தானால் தெரிவு செய்யப்பட்டது. நெம்புகோல் மட்டும் நீடித்தது. 1987இல் கேனான் இன்னும் ஓரடி சென்று, இ.எஃப். வில்லைகளில் நெம்புகோலையும் நீக்கியது. வில்லைக்குள்ளேயே ஒரு சிறு மின்விசை இயக்கி வைக்கப்பட்டு, உடலோடு மின்தொடுகைகள் வழியே மட்டும் உரையாடல் நிகழ்ந்தது. பழைய வடிவத்தையே காத்துவந்த நிக்கானும் 2000ஐ ஒட்டி ஜி வகை வில்லைகளில் வளையத்தைக் கைவிட்டது.

இம்மாற்றத்துக்குச் செலவுக் குறைப்பு ஒரு காரணம். மற்றொரு காரணம் பெரிதும் கவனிக்கத்தக்கது. ஷட்டர் வேகத்தையும் துளையையும் கேமராவே கணித்து அமைக்கும் முறைகள் வந்தபின், கையால் அமைக்கும் வளையம் கணிப்பொறிக்கு இடையூறாயிற்று. வளையத்தைச் சிறும அளவில் பூட்டிவைக்காவிட்டால் சில கேமராக்கள் பிழைச் செய்தி காட்டி நின்றுவிட்டன. இயந்திரம் துளையை அறியவேண்டும் என்பதற்காகவே வளையம் நீக்கப்பட்டது என்று சொன்னாலும் பொருந்தும். அவ்வாறு அறிந்த செய்தியைப் படத்தோடு சேர்த்தெழுதும் வாய்ப்பும் அதனால் ஏற்பட்டது. 1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட எக்ஸிஃப் தரம், எண்முறைப் படக் கோப்புக்குள் நாள், நேரம், ஷட்டர் வேகம், எஃப் எண் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கியது. டிரைப்பின் காலம்தொட்டு ஆவணத்துக்கு வெளியே நின்ற துளை அளவு முதன்முறையாக ஆவணத்தின் உள்ளேயே எழுதப்பட்டது.

ஆடி நீங்கியபின்

எஸ்.எல்.ஆர். கேமராவில் வில்லைக்கும் படத்தளத்துக்கும் இடையே ஆடி எழுந்து தாழ இடம் வேண்டும். ஆதலின் வில்லை பொருந்தும் முகப்பிலிருந்து படத்தளம்வரை நிக்கான் எஃப் அமைப்பில் 46.5 மி.மீ., கேனான் இ.எஃப். அமைப்பில் 44 மி.மீ. தொலைவு வைக்கப்பட்டது. 2008இல் பானசோனிக் ஜி1 ஆடியை நீக்கியது. 2010இல் சோனி நெக்ஸ் வரிசை வந்தது. சோனி இ அமைப்பில் இத்தொலைவு 18 மி.மீ.; 2018இல் வந்த நிக்கான் இசட் அமைப்பில் 16, கேனான் ஆர்.எஃப். அமைப்பில் 20. எஞ்சிய இடைவெளியை ஓர் உலோகக் குழலால் நிரப்பினால் போதும். நிக்கான் எஃப் வில்லையைச் சோனி உடலில் பொருத்த 28.5 மி.மீ. நீளமுள்ள குழல் தேவை. அதற்குள் கண்ணாடி எதுவும் வேண்டியதில்லை. அடாப்டர் எனப்படுவது அடிப்படையில் இவ்வளவே.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. 1987இல் கேனான் பழைய எஃப்.டி. அமைப்பைக் கைவிட்டபோது அவ்வில்லைகளை வைத்திருந்தோர் கைவிடப்பட்டனர். அவை இ.எஃப். கேமராக்களில் பொருந்தா. ஆனால் அவற்றில் வளையம் இருந்தமையால் ஆடியற்ற கேமராவில் ஒரு வெற்றுக் குழலே அவற்றுக்குப் போதுமானதாயிற்று. அவற்றை ஒதுக்கிவிட்டு வந்த புதிய இ.எஃப். வில்லைகளோ அதே வெற்றுக் குழலில் ஊமையாகிவிட்டன. வயதில் மூத்தது தற்சார்புடன் நின்றது. இளையது தன் உடலைப் பிரிந்ததும் செயலற்றது.

செயலற்றுப் போதலும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. நிக்கான் ஜி வில்லையில் சுருள்வில் இதழ்களை மூடும் திசையில் இழுக்கிறது. எனவே பிடிப்பார் இல்லாதபோது அது எஃப்/16 அல்லது எஃப்/22 ஆகிய சிறும அளவில் மூடிக்கிடக்கும். மினோல்ட்டாவும் அவ்வாறே. கேனான் இ.எஃப். வில்லை மின்சாரம் இன்றேல் முழுதும் திறந்தே கிடக்கும். ஒன்று மூடி முடங்குகிறது. மற்றது திறந்து முடங்குகிறது.

தனுஷ்கோடி வெளிச்சத்தில்

இவ்விரு முடக்கங்களின் பொருளை உணர இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு முனை தக்க இடமாகும். நண்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 எனில், எஃப்/16 துளைக்கு நொடியில் 100இல் ஒரு பங்கு போதும் என்பது படச்சுருள் காலத்திலிருந்து வரும் வாய்பாடு. எஃப்/1.8 துளை எஃப்/16ஐவிட ஏறத்தாழ 79 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆகவே 8000இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். மணலும் கடலும் ஒளியைத் திருப்பியனுப்பும் வெளியில் வாய்பாட்டைவிட ஒரு படி கூடுதல் வெளிச்சம் எனக் கொண்டால் 16,000இல் ஒரு பங்கு ஆகிறது. பொறிமுறை ஷட்டர்கள் பெரும்பாலும் 4000 அல்லது 8000இல் நின்றுவிடும். மின்னணு ஷட்டர் அதற்கு மேலும் செல்லும். ஆனால் படத்தளத்தை வரிவரியாகப் படிப்பதால் விரைந்து செல்லும் படகோ இரயிலோ சாய்ந்து பதியக்கூடும். கருநிற வடிப்பான் ஒன்றை முன்னே பொருத்துவது ஒளியைக் குறைக்கும். தெளிவின் ஆழத்தை மாற்றாது. 50 மி.மீ. வில்லை எஃப்/8இல் சுமார் 10 மீட்டரில் குவிக்கப்பட்டால் 5 மீட்டர் முதல் அடிவானம்வரை தெளிவு கிடைக்கும். எஃப்/1.8இல் அதே தெளிவு 23 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரையும், அதன் முன் கரையேற்றப்பட்ட படகையும் ஒரே சட்டகத்தில் ஆவணப்படுத்த விரும்புவோருக்குத் திறந்து முடங்கிய வில்லை உதவாது.

மூடி முடங்கிய ஜி வில்லை இவ்வெளியில் ஓரளவு பயன்படும் எனத் தோன்றலாம். ஆயினும் எஃப்/22இல் ஒளி விளிம்புவிலகலால் ஒரு புள்ளி சுமார் 30 மைக்ரோமீட்டர் வட்டமாகப் பரவுகிறது. முழுச்சட்டக 24 மெகாபிக்சல் உணரியில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டரே. படம் முழுவதும் மெல்லிய மங்கல் படியும். இராமநாதபுரம் அரண்மனை இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்கள் போன்ற உள்ளிடப் பொருள்களுக்கோ அது முற்றிலும் பயனற்றது. எஃப்/1.8இல் 60இல் ஒரு பங்கு நொடி கேட்கும் இடம் எஃப்/22இல் இரண்டரை நொடி கேட்கும்.

இம்முடக்கங்களிலிருந்து மீளக் கையாளப்படும் வழிகள் சில. ஜி வில்லைகளுக்கான அடாப்டர்களில் ஒரு வளையம் வைக்கப்பட்டது. அதைத் திருப்பினால் உள்ளிருக்கும் முனை வில்லையின் நெம்புகோலைத் தள்ளும். சில மில்லிமீட்டர் அசைவுக்குள் எல்லாத் துளைகளும் அடங்கிவிடுவதாலும், அடாப்டருக்குத் தன்னோடு இணையும் வில்லை எதுவெனத் தெரியாததாலும் அவ்வளையத்தில் எஃப் எண்கள் இல்லை, கோடுகளே உள்ளன. இழந்த வளையம் திரும்பி வந்தது, எண்கள் திரும்பவில்லை.

கேனான் வில்லைக்குத் தள்ளுவதற்கு நெம்புகோலே கிடையாது. அதற்குக் கண்டறியப்பட்ட உத்தி சுவையானது. முதலில் வில்லையைக் கேனான் உடலில் பொருத்தி, வேண்டிய துளையைத் தெரிவு செய்து, தெளிவின் ஆழத்தைச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தவேண்டும். இதழ்கள் சுருங்கும். பொத்தானை விடாமலேயே வில்லையைக் கழற்றிவிட்டால், மீண்டும் திறக்க மின்சாரம் இன்மையால் இதழ்கள் அப்படியே நின்றுவிடும். அதன்பின் ஆடியற்ற உடலில் அந்த ஒரே துளையில் நாள் முழுதும் எடுக்கலாம். மாற்ற விரும்பின் பழைய உடல் மீண்டும் தேவை. மணற்காற்று வீசும் கரையில் இதற்காக இருமுறை வில்லையைக் கழற்றுவது விரும்பத்தக்கதன்று. செருகுதகட்டைத் தேர்ந்து வைத்துவிட்டுக் கிளம்பிய 1858ஆம் ஆண்டுக் கலைஞரின் நிலையும் இதுவும் ஒன்றே.

வேறு சிலர் அடாப்டருக்குள்ளேயே இதழ்களை வைத்து விற்றனர். இது பெயரளவில்தான் துளைக் கட்டுப்பாடு. துளை வில்லையின் நடுவே, எல்லாத் திசைக் கதிர்களும் சேர்ந்து கடக்கும் இடத்தில் இருந்தால்தான் படம் முழுவதும் சீராக இருளும். வில்லைக்குப் பின்னால் வைக்கப்படும் இதழ்கள் ஓரக் கதிர்களை முதலில் வெட்டுவதால் மூலைகள் கருத்துவிடும். 

முழுமையான தீர்வு மின்னணு அடாப்டர்களே. கேனான் வெளியிடாத உரையாடல் நெறியை வெளி நிறுவனங்கள் ஆராய்ந்து அறிந்து, 2010களின் தொடக்கத்திலிருந்து மெட்டாபோன்ஸ் முதலிய அடாப்டர்களை விற்றன. 2018இல் நிக்கான் வெளியிட்ட எஃப்.டி.இசட். அடாப்டருக்குள் ஜி வில்லையின் நெம்புகோலை அசைக்கும் சிறு இயக்கி உள்ளது. சோனியின் எல்.ஏ-இ.ஏ. வரிசையும் மினோல்ட்டா வழிவந்த வில்லைகளுக்கு அவ்வாறே செய்கிறது. இவற்றில் துளை அளவு கேமராவுக்குத் தெரியும், கோப்பிலும் பதியும். விலை மலிவான வெற்றுக் குழலில் பதியாது.

வெற்றிடம் ஆகும் எஃப் எண்

எனவே ஒரே நாளில், ஒரே கரையில், ஒரே வில்லையால் எடுக்கப்பட்ட இரு படங்களில் ஒன்றின் எக்ஸிஃப் தரவு எஃப்/8 எனக் கூற, மற்றொன்று சுழியம் அல்லது வெற்றிடம் காட்டக்கூடும். சுழியத்தை உண்மை அளவாகக் கொள்ளும் பட்டியல் மென்பொருள்கள் அதனை அப்படியே ஏற்றிவிடுகின்றன. இதனைச் சிறு குறையாகக் கருதி ஒதுக்குவது சரியன்று. இக்கடற்கரை விரைந்து மாறிக்கொண்டிருக்கிறது. 1914இன் பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் அரிச்சல்முனைக்கும் 2017இல் சாலை வந்தது. அங்கு வரும் பூநாரைகளுக்கென 2025இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. முந்திய நிலையைக் காட்டும் படங்களுள் பல, தனியார் கைகளில் பழைய வில்லைகளாலும் புதிய உடல்களாலும் எடுக்கப்பட்டவையாக இருக்கும். கரைக்கோட்டின் நகர்வையோ சிதைவுகளின் தேய்மானத்தையோ அவற்றிலிருந்து அளக்க முற்படும் ஆய்வாளர், சுவரின் விளிம்பு மங்கியிருப்பது உப்பரிப்பாலா, குவியத்துக்கு வெளியே அமைந்ததாலா என்று பிரித்தறிய வேண்டும். துளை தெரியாமல் அது இயலாது.

நல்வாய்ப்பாக, கடற்கரைப் படங்களில் துளையின் தடயம் வேறொரு வழியில் எஞ்சுகிறது. தனுஷ்கோடி மணற்றிட்டின் இருபுறமும் நீர். அமைதியான பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். காலையிலும் மாலையிலும் தாழ்ந்த கதிரவனின் ஒளி அலைமுகடுகளில் தெறித்து எண்ணற்ற புள்ளிகளாகிறது. குவியத்துக்கு வெளியேயுள்ள ஒவ்வொரு புள்ளியும் துளையின் வடிவத்தையே படத்தில் பொறிக்கிறது. ஐந்து இதழ் கொண்ட கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 இரண்டாம் பதிப்பு சுருங்கியிருந்தால் ஐங்கோணமும், திறந்திருந்தால் வட்டமும் பதியும். ஏழு இதழ் கொண்ட நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8 ஜி நன்கு சுருங்கியிருந்தால் எழுகோணச் சாயல் தெரியும். கதிரவனே சட்டகத்துள் இருப்பின் ஐந்து இதழுக்குப் பத்துக் கதிர்களும் ஏழு இதழுக்குப் பதினான்கும் நீளும். மூலைப் பகுதிகளில் மட்டும் வெளிச்சம் மிகக் குறைந்து, அங்குள்ள வடிவங்கள் ஒருபுறம் அறுபட்டிருந்தால், வில்லைக்குப் பின்னால் இதழ் வைத்த அடாப்டர் என ஐயுற இடமுண்டு.

வடிவத்தோடு அளவும் கிடைக்கிறது. இரண்டு மீட்டர் தொலைவில் வலை பின்னும் மீனவர்மேல் 50 மி.மீ. வில்லை குவிக்கப்பட்டு, பின்னணியில் தொலைக்கடலின் ஒளிப்புள்ளிகள் விழுந்ததாகக் கொள்வோம். புள்ளியின் விட்டம் உணரியில் ஏறத்தாழ 1.28 மி.மீ.ஐ எஃப் எண்ணால் வகுத்த அளவாகும். எஃப்/1.8 எனில் 0.71 மி.மீ.; எஃப்/8 எனில் 0.16 மி.மீ. 36 மி.மீ. அகலத்தில் 6000 பிக்சல் உள்ள கோப்பில் முன்னது சுமார் 118 பிக்சல், பின்னது சுமார் 27 பிக்சல். கோப்பு வெட்டப்படாததாகவும், குவியத் தொலைவும் பொருளின் தொலைவும் தெரிந்தவையாகவும் இருந்தால், வெற்றிடமாக விடப்பட்ட எஃப் எண்ணைப் படத்திலுள்ள கடலிலிருந்தே திரும்பக் கணக்கிடலாம். நண்பகலில், கதிரவன் உச்சியில் நிற்க எடுக்கப்பட்ட படங்களில் இத்தெறிப்புகள் குறைவு. அவற்றுக்கு எடுத்தவரின் குறிப்பேடே துணை.